எலும்போடா, எலும்பு இல்லாமலா? கிரில் நாளுக்குப் பன்றித் தோள் வாங்க முன்னம்

போன வருடம் ஜூலையில் மகனுக்கு ஏழாவது பிறந்தநாள். தோட்டத்தில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபத்திரண்டு பேர். ஒவ்வொரு முறையும் பிராட்வூர்ஸ்டும் கோழிக்காலும்தானே, இந்த முறை பெரிதாக ஏதாவது செய்வோம் என்று எனக்கு ஆசை. அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, எலும்போடு நாலு கிலோ பன்றித் தோள் வாங்கி வந்தேன். எலும்போடு இருந்தால்தான் ருசி, இறைச்சி காயாது என்று அந்த வீடியோவில் சொன்னார்கள். அம்மாவும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைத்தான் சொல்கிறா.

காலை ஒன்பது மணிக்கு இறைச்சியைக் கிரிலில் ஏற்றி, மூடியைப் போட்டு, 110 டிகிரியில் விட்டோம். மூன்று மணிக்குச் சாப்பாடு என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மூன்று மணிக்குத் தெர்மோமீட்டரைக் குத்தினால் நடுவில் 66. எலும்புக்குப் பக்கத்தில் 58. நாலு மணிக்கும் அதே 66. ஐந்து மணிக்கும் கிட்டத்தட்ட அதேதான். பிள்ளைகள் சிப்ஸ் பைகளை முடித்துவிட்டு, "எப்ப சாப்பாடு?" என்று வந்து வந்து போனார்கள்.

"வெளிப்பக்கம் வெந்துதானே இருக்கு, அதை வெட்டிக் குடுப்பமே?" என்று இவர் கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் எலும்போரம் இன்னும் ரோஸ் நிறத்தில் இருந்த இறைச்சியை மற்றவர்களுடைய பிள்ளைகளின் தட்டில் வைக்க மனம் வரவில்லை.

அப்போது அம்மா எழும்பி வந்தா. "இஞ்ச கொண்டா, நான் பாக்கிறன்." இறைச்சியைக் குசினிக்குக் கொண்டுபோய், பெரிய துண்டுகளாக வெட்டி, எலும்பையும் சேர்த்து இரண்டு பிரஷர் குக்கரில் போட்டா. வெங்காயம், உள்ளி, பெருஞ்சீரகம், யாழ்ப்பாணத் தூள். ஆறரை மணிக்கு இருபத்திரண்டு பேரும் பாணோடு பிரட்டல் சாப்பிட்டோம். அந்தக் குழம்பைப் பற்றி மகனின் வகுப்புப் பிள்ளையின் தாய் இன்றைக்கும் கேட்கிறா.

இரவு சட்டி கழுவும்போது அம்மா ஒரு வசனம் சொன்னா. "எலும்பை நெருப்பில வைச்சு என்ன பிள்ளை செய்யிறது? எலும்பு சட்டிக்கு."

அதற்குப் பிறகு ஒரு வருடமாக நான் இறைச்சிக் கடைகளில் கேட்டு, வாசித்து, எலும்போடும் இல்லாமலும் செய்து பார்த்ததில், அம்மா சொன்னது பெரும்பாலும் சரி என்றுதான் வந்து நிற்கிறேன். ஏன் சரி, எங்கே சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

கடையில் என்ன கேட்கிறோம்?

முதல் குழப்பம் பெயரில். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் "பொஸ்டன் பட்" என்பது பன்றியின் தோளின் மேல்பகுதி. அதில் கழுத்துப் பக்கத்து இறைச்சியும் தோள்பட்டை எலும்பின் ஒரு பகுதியும் சேர்ந்தே வரும். ஜேர்மனியில் இறைச்சியை வெட்டும் முறை வேறு. இங்கே அதே இடம் இரண்டு துண்டாகப் பிரிகிறது.

ஒன்று, நாக்கன். பிடரிப் பகுதி. சில ஊர்களில் இதைக் காம் என்றும் ஹால்ஸ் என்றும் சொல்வார்கள். இறைச்சிக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஓடியிருக்கும். கிரிலுக்கு இதைவிட மன்னிக்கிற இறைச்சி கிடையாது. கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் காயாது.

மற்றது, ஷுல்ட்டர். தெற்கே பூக் என்பார்கள். முன்னங்காலோடு சேர்ந்த தோள். கொழுப்புக் குறைவு, சவ்வும் நரம்பும் கூட. மெதுவாக வேகவைத்தால் அருமை. அவசரப்பட்டால் சப்பவே முடியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் "நாக்கன் மிட் க்னோகன்", அதாவது எலும்போடு நாக்கன் என்று கேட்டால், வருவது தோள்பட்டை எலும்பு அல்ல, கழுத்து முள்ளெலும்பு. அது வளைந்து நெளிந்து இறைச்சிக்குள் போயிருக்கும். வீடியோவில் காட்டுகிற மாதிரி, வெந்ததும் எலும்பை இரண்டு விரலால் உருவி எடுக்கிற காட்சி இதில் நடக்காது. அந்தக் காட்சி வேண்டுமானால் தோள்பட்டை எலும்போடு ஷுல்ட்டர் என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பொஸ்டன் பட் என்றே சொல்லுங்கள். இப்போது பல மெட்ஸ்கர்மாருக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால் பெரிய துண்டு அன்றன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்காது. மூன்று நாலு நாளைக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஞாயிறு கிரில் என்றால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதை இந்த நாட்டில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, இது முக்கியம். வாங்கும் இறைச்சி பச்சையானதா, உப்பு ஊற வைத்துப் பதப்படுத்தியதா என்று பாருங்கள். காஸ்லர் மாதிரியானவை நைட்ரைற் உப்பில் ஊறியவை, வெந்த பிறகும் ரோஸ் நிறத்திலேயே இருக்கும். அவற்றைக் கடும் நெருப்பில் கிரில் செய்யக் கூடாது. நைட்ரைற்றும் இறைச்சிப் புரதமும் அந்தச் சூட்டில் சேர்ந்து நைட்ரோசமீன் என்ற புற்றுநோய் ஆபத்துள்ள பொருளை உண்டாக்கும். பொதியில் "கெப்யோகெல்ட்" அல்லது "நிட்ரிட்ப்யோகெல்ஸால்ஸ்" என்று இருந்தால் அது கிரிலுக்கு வேண்டாம்.

எலும்பு உண்மையில் என்ன செய்யும்?

எலும்பில்தான் ருசி என்று எங்கள் வீடுகளில் சொல்வது வெறும் கதையில்லை. ஆனால் அது கறிச்சட்டியில் பிறந்த பேச்சு.

சட்டியில் தண்ணீர் இருக்கிறது, தேங்காய்ப்பால் இருக்கிறது. வெட்டிய எலும்பு அதில் ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் கொதிக்கும்போது, உள்ளே இருக்கிற கொழுப்பும், குருத்திலும் சவ்விலும் இருக்கிற கொலாஜனும் கரைந்து குழம்புக்கு இறங்குகின்றன. கொலாஜன் ஜெலட்டினாக மாறுகிறது. அதனால்தான் எலும்புக் கறியின் குழம்பு விரலில் ஒட்டும், அடுத்த நாள் குளிர்பெட்டியில் கட்டியாகும்.

கிரிலில் அப்படி இறங்குவதற்கு ஒரு குழம்பு இல்லை. சூடான காற்றும் தணலும்தான். எலும்பின் சுவர் தடிப்பு. அதற்குள் இருப்பது வெளியே வந்து இறைச்சிக்குள் ஊறுவது மிகக் குறைவு. அப்படியானால் எலும்போரத்து இறைச்சி ஏன் ருசிக்கிறது? எலும்பைச் சுற்றித்தான் சவ்வும் கொழுப்பும் கூட. அந்த இடம் மெதுவாகச் சூடாவதால் காய்ந்தும் போகாது. அதோடு கையால் பிடித்துக் கடித்து இழுக்கிற சந்தோசமும் இருக்கிறதே, அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அந்த "மெதுவாகச் சூடாவது" என்பதுதான் என்னுடைய பிறந்தநாள் விருந்தைக் கெடுத்தது. எலும்போடு இருக்கும் பெரிய துண்டில் கடைசியாக வேகும் இடம் எலும்போரம்தான். போதாததற்கு, பெரிய இறைச்சித் துண்டு எதுவும் 65க்கும் 75க்கும் இடையில் எங்கேயாவது மணிக்கணக்காக நின்றுவிடும். எங்கள் உடம்பு வேர்த்துக் குளிர்கிற மாதிரி, இறைச்சியின் ஈரம் மேலே வந்து ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது. நெருப்புக் கொடுக்கிற சூடும் ஆவி எடுக்கிற சூடும் சமமாகிவிடும். அப்போது கிரில் பழுதில்லை, தெர்மோமீட்டரும் பழுதில்லை. பொறுத்திருக்க வேண்டும், அல்லது இறைச்சியைச் சுற்றிக்கட்டி அந்த ஆவியை நிறுத்த வேண்டும்.

சுற்றும்போது ஒரு கவனம். எங்கள் மசாலாவில் உப்பும் புளிப்பும் கூட. உப்பும் புளிப்பும் உள்ள சாப்பாட்டை அலுமினியத் தாளில் நேரடியாகச் சுற்ற வேண்டாம் என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பிஎஃப்ஆர் சொல்கிறது, அலுமினியம் சாப்பாட்டுக்குள் இறங்கும் என்பதால். முதலில் பேக்கிங் தாளால் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாளைப் போடுங்கள்.

எலும்பு இல்லாத துண்டுக்கும் குறை உண்டு. தோளிலிருந்து எலும்பை எடுத்த இடம் பை மாதிரித் திறந்துகொண்டிருக்கும். அப்படியே வைத்தால் மெல்லிய பக்கம் முதலில் காய்ந்துவிடும். நூலால் இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள், கடையிலேயே செய்து தருவார்கள். கட்டும் முன் அந்தப் பைக்குள்ளேயும் மசாலாவைப் பூசிவிட்டால், உள்ளே வரை உறைப்பும் உப்பும் போகும். எலும்போடு இருக்கும் துண்டில் இந்த வசதி கிடையாது.

இந்த நாட்டுக்காரர் என்ன செய்கிறார்கள்?

ஜேர்மனியிலேயே இந்தக் கேள்விக்கு இரண்டு பதிலும் இருக்கின்றன. இரண்டும் நல்ல பதில்கள்.

நூர்ன்பெர்க், பாம்பெர்க் பக்கம் போனவர்கள் ஷொய்ஃபெலே சாப்பிட்டிருப்பீர்கள். பன்றித் தோளைத் தோலோடும் தோள்பட்டை எலும்போடும் வெட்டி, தோலைக் கட்டம் கட்டமாகக் கீறி, அவனில் இரண்டு மூன்று மணித்தியாலம் வேகவைப்பார்கள். அந்த எலும்பு சின்ன மண்வெட்டி மாதிரித் தட்டையாக இருக்கும். ஷவ்ஃபெல் என்றால் அள்ளுகிற மண்வெட்டி, அதிலிருந்துதான் பெயர். நன்றாக வெந்தால் எலும்பு தானாகக் கழன்று வரும், தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். கவனியுங்கள், இது அவனில், தட்டில் வெங்காயமும் கரட்டும் பியரும் ஊற்றிச் செய்வது. எலும்பிலிருந்து இறங்குவதைப் பிடிக்க அடியில் ஒரு சாஸ் இருக்கிறது. பெரிய உருளைக்கிழங்கு உருண்டையை அந்தச் சாஸில்தான் தோய்க்கிறார்கள்.

அதே பெயர் பாடன் பகுதியில் வேறு சாப்பாடு. அங்கே ஷொய்ஃெபலே என்றால் உப்பில் ஊறவைத்துப் புகைபோட்ட தோள். மெதுவாகத் தண்ணீரில் வேகவைத்து, நத்தார் நேரத்தில் உருளைக்கிழங்கு சலாட்டோடு சாப்பிடுவார்கள். ஃபிரைபுர்க்கில் இருக்கும் நீங்கள் நூர்ன்பெர்க் குறிப்பைப் பார்த்துக்கொண்டு போய் ஷொய்ஃபெலே கேட்டால், மேலே சொன்ன கிரிலுக்கு ஆகாத இறைச்சிதான் கைக்கு வரும்.

இப்போது மேற்கே, ஸார்லாந்துக்கு வாருங்கள். அங்கே கோடை காலமென்றால் ஷ்வெங்கர்தான். எலும்பில்லாத நாக்கன் துண்டுகளை வெங்காயம், மிளகு, பப்ரிக்கா, பச்சிலைகளோடு ஊறவைத்து, மூன்று கால் கம்பியிலிருந்து சங்கிலியில் தொங்குகிற தட்டில் வைத்து, பீச் மர நெருப்புக்கு மேல் ஆட்டி ஆட்டிச் சுடுவார்கள். ஷ்வெங்கர் என்பது அந்த இறைச்சிக்கும் பெயர், அந்தக் கிரிலுக்கும் பெயர், அதை ஆட்டுகிற ஆளுக்கும் பெயர். ஒரு ஷ்வெங்கர் ஷ்வெங்கரில் ஷ்வெங்கர் சுடுகிறார் என்று அங்குள்ளவர்கள் பகிடி விடுவார்கள். தட்டு ஆடுவதால் கொழுப்பு ஒரே இடத்தில் சொட்டி எரியாது, இறைச்சி கருகாது.

அதற்குப் பக்கத்தில், ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தில் ஈடார்-ஓபர்ஷ்டைன் என்ற ஊர் இருக்கிறது. இரத்தினக்கல் வெட்டுவதில் பேர்போன ஊர். அங்கே ஸ்பீஸ்பிராட்டன் என்று ஒன்று செய்வார்கள். இறைச்சியை உப்பு, மிளகு, பச்சை வெங்காயம் சேர்த்து இரவு முழுக்க ஊறவைத்து மர நெருப்பில் சுடுவது. ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் அதற்கென்றே பெரிய திருவிழா நடக்கிறது. இந்தச் சாப்பாட்டின் கதையை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அந்தப் பகுதியிலிருந்து பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தவர்கள், 1827இல் றியோ கிராண்டே டோ சூல் பகுதியில் அகேட் கற்களைக் கண்டுபிடித்தார்கள். 1834இலிருந்து அந்தக் கல் ஈடாருக்கு வரத் தொடங்கியது. கல்லோடு சேர்ந்து, தென்னமெரிக்காவில் இறைச்சியை நெருப்பில் சுடும் பழக்கமும் ஊருக்கு வந்தது என்றுதான் அங்கே சொல்கிறார்கள்.

அந்தக் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். "அப்ப அவையளும் எங்களைப் போலத்தான் போயிருக்கினம்" என்றார். 1985இல் வந்தவர் அவர். இந்த நாட்டிலிருந்தும் ஒரு காலத்தில் ஆட்கள் கப்பலேறிப் போனார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

சரி, இறைச்சிக்கு வருவோம். அவனில் சாஸோடு வேகவைக்கும்போது எலும்போடு, திறந்த நெருப்பில் சுடும்போது எலும்பில்லாமல். யாரும் பாடம் எடுக்காமலே இந்த ஊர்க்காரர்கள் அனுபவத்தில் வந்துசேர்ந்த இடமும் அம்மா சொன்ன இடமும் ஒன்றுதான்.

பிள்ளைகள் சாப்பிடுகிற இறைச்சி

"பண்டி இறைச்சியில புழு இருக்கும்" என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பயத்துக்கு இந்த நாட்டிலும் ஒரு சரித்திரம் உண்டு. 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்ற கிராமத்தில், ட்ரிக்கினெல்லா புழு இருந்த பன்றி இறைச்சியைச் சாப்பிட்டு நூறு பேரளவில் இறந்துபோனார்கள். வெட்டும் பன்றிகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று வைத்தியர் ருடொல்ஃப் விர்ச்சோ தொடர்ந்து வாதாடினார். 1900இல் முழு ஜேர்மனிக்கும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. ஆகவே இங்கே கடையில் வாங்கும் இறைச்சியில் புழுவுக்குப் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது கிருமிகளுக்கு. சால்மொனெல்லா, யெர்சினியா, ஹெபடைட்டிஸ் ஈ மூன்றும் பன்றி இறைச்சியோடு வரக்கூடியவை. யெர்சினியா அதிகம் பிடிப்பது சின்னப் பிள்ளைகளைத்தான். பச்சையாகப் பாணில் பூசிச் சாப்பிடும் மெட்டை, பிள்ளையின் நண்பன் வீட்டில் கொடுத்தால் நாகரிகமாக வேண்டாமென்று சொல்லப் பழக்குங்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான் இங்குள்ள சுகாதார நிறுவனங்களின் ஆலோசனையும்.

வெந்துவிட்டதா என்பதற்கு அளவு இதுதான்: இறைச்சியின் நடுவில் 70 டிகிரி, குறைந்தது இரண்டு நிமிடம். எலும்போடு இருந்தால் எலும்பை ஒட்டிய இடத்திலும் குத்திப் பாருங்கள், ஆனால் முனை எலும்பில் முட்டாமல். நிறத்தை நம்ப வேண்டாம். யாழ்ப்பாணத் தூள் போட்ட இறைச்சியின் வெளிப்பக்கம் பத்து நிமிடத்திலேயே கறுத்துவிடும், உள்ளே பச்சையாக இருக்கும்.

பாதுகாப்புக்கு 70 போதும், பதத்துக்குப் போதாது. துண்டாக வெட்டிச் சாப்பிடும் முழு நாக்கனுக்கு 80 முதல் 85. முள்ளுக்கரண்டியால் பிய்த்து எடுக்க வேண்டுமானால் 90 முதல் 95. கொலாஜன் கரைய அந்தச் சூடும் வேண்டும், பல மணித்தியாலமும் வேண்டும். 110 டிகிரி கிரிலில் நாலு கிலோ எலும்புத் துண்டுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்குங்கள். அதாவது முதல் நாள் இரவே ஏற்ற வேண்டும். நான் காலை ஒன்பது மணிக்கு ஏற்றினேன்!

எலும்பு விசயத்தில் இன்னொரு கவலை சிம்புகள். எங்கள் கடைகளில் எலும்பைக் கத்தியால் கொத்தித் தருவார்கள். அதில் ஊசி மாதிரிச் சிம்பு வரும். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு அது தொண்டையில் சிக்கும். கொத்தாமல் வாளால் பெரிய துண்டாக அறுத்துத் தரச் சொல்லி, குளிர்த் தண்ணீரில் எலும்புத் தூளைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். பெரிய எலும்பைப் பிள்ளை கையில் பிடிக்கலாம், விழுங்க முடியாது.

மழை வந்தால் தணல் கிரிலைக் கராஜுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தள்ளாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஆளையே கொன்றுவிடும்.

எப்போது எது?

பிற்பகல் விருந்து, சின்னப் பிள்ளைகள், நிறைய விருந்தாளிகள் என்றால் எலும்பில்லாத நாக்கன். நேரம் பாதியாகும், எல்லோருக்கும் சமமாக வெட்டலாம், அசல் நிறையில் வீண்போவது இல்லை. கிலோவுக்கு விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் எலும்புக்குக் கொடுக்கிற காசைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இராது.

பெரியவர்கள் மட்டும், இரவு முழுக்க நெருப்பைப் பார்க்க ஆளும் ஆசையும் இருக்கிறது என்றால், தோள்பட்டை எலும்போடு வாங்குங்கள். எலும்பு கழன்று வரும்போது வெந்துவிட்டது என்று தெர்மோமீட்டர் இல்லாமலே தெரியும். குளிர்காலத்தில் அவனில் செய்வதென்றாலும் எலும்போடுதான்.

கணக்கு இப்படி: சோறு, கோழி, சலாட் என்று வேறு சாப்பாடும் இருக்கும் எங்கள் விருந்துகளில், பெரியவருக்கு 200 கிராம், பிள்ளைக்கு 100 கிராம் பச்சை இறைச்சி போதும். 12 பெரியவர், 8 பிள்ளைகள் என்றால் 3.2 கிலோ. எலும்போடு வாங்கினால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். பிய்த்தெடுக்கும் வகையில் 10 பங்கில் நாலு பங்கு நெருப்பிலேயே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எலும்பைவிடக் கொழுப்பு முக்கியம். கொழுப்பே தெரியாத வெளிறிய நாக்கன், எலும்போடு வாங்கினாலும் காயும். ஷ்வேபிஷ் ஹால் பக்கத்துக் கறுப்புத் தலைப் பன்றி மாதிரிப் பழைய இனங்களின் இறைச்சி கிடைத்தால் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். விலை கூட, ஆனால் வித்தியாசம் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டில்

இந்த வருடப் பிறந்தநாளுக்கு முதல் வாரமே கடையில் சொல்லிவைத்தேன். எலும்பில்லாத நாக்கன் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ. "எடுக்கிற எலும்பையும் எனக்கே தாருங்கள்" என்றும் சொன்னேன். எலும்புக்கு அவர் பெரிதாகக் காசு எடுக்கவில்லை.

இரண்டரைக் கிலோவுக்கு எங்கள் அளவு: உப்பு 35 கிராம், இடித்த உள்ளி எட்டுப் பல், விரல் நீள இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி பெருஞ்சீரகம், அரை மேசைக்கரண்டி மிளகு, மூன்று மேசைக்கரண்டி யாழ்ப்பாணத் தூள், கொஞ்சம் எண்ணெய். நாலு பெரிய வெங்காயத்தை வட்டமாக வெட்டி, ஈடார்காரர் செய்கிற மாதிரி இறைச்சியைச் சுற்றி அடுக்கி, ஓர் இரவு குளிர்பெட்டியில். தேசிக்காய்ப் புளி முதலில் வேண்டாம். நீண்ட நேரம் ஊறினால் வெளிப்பக்கம் மாவாகிவிடும். வெந்த பிறகு வெட்டிவிட்டு மேலே பிழியுங்கள். கிரிலில் வைக்கும்போது வெங்காயத்தை வழித்தெடுத்துத் தனியாகப் பொரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கருகிக் கைக்கும். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மற்றப் பக்கம் வைத்து, மூடி போட்டு 150 முதல் 160 டிகிரி. இரண்டரை, மூன்று மணித்தியாலத்தில் 80ஐத் தாண்டியது. இறக்கி இருபது நிமிடம் ஆறவிட்டு வெட்டினோம். மூன்று மணிக்கு மூன்று மணி!

பன்றி சாப்பிடாதவர்கள் எல்லா விருந்திலும் இருப்பார்கள். மகனின் முஸ்லிம் நண்பர்கள் இருவருக்கும், விரதம் பிடிக்கிற மாமிக்கும் வேறு கிரில், வேறு இடுக்கி, வேறு மேசை. ஒரே கம்பியில் ஒரு பக்கம் சோளம், மறுபக்கம் பன்றி என்று செய்வது சரியில்லை. ஹம் காமாட்சி அம்பாள் திருவிழாக் காலத்தில் எங்கள் சொந்தக்காரர் பாதிப் பேர் மச்சம் தொடமாட்டார்கள், அதனால் திகதியையும் பார்த்துத்தான் வைத்தோம்.

எலும்பு? அது சனிக்கிழமை இரவே அம்மாவின் சட்டிக்குப் போய்விட்டது. விருந்தன்று மேசையின் ஓரத்தில் ஒரு சட்டி எலும்புக் குழம்பு, பக்கத்தில் பாண். பெரியவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

அப்பாவுக்கு இப்போது கட்டுப்பல். எலும்பு கடிக்க முடியாது. கிரில் இறைச்சியை மெல்லிசாக வெட்டிக் கொடுத்ததைச் சந்தோசமாகச் சாப்பிட்டார், பிறகு குழம்பில் பாணைத் தோய்த்தார். எலும்பில்லாத இறைச்சி பிள்ளைகளுக்கு மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருடம் எலும்பையெல்லாம் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிய மகன், அப்பப்பா மாதிரி இல்லாமல் எல்லாப் பல்லும் இருக்கிற தன் அம்மப்பா ஏன் எலும்பை எடுக்கவில்லை என்று கேட்டு நின்றான். "இது கட்டுப்பல்லடா, என்ரை பல்லில்லை" என்று அவர் சிரித்தார்.

பிறகு சட்டியிலிருந்து ஒரு பெரிய எலும்பைத் தேடியெடுத்து, அவன் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்தால் உறிஞ்ச வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். முகமெல்லாம் குழம்பு. அவனுடைய வெள்ளைச் சேர்ட் அன்றோடு சரி.